மூலக்குளத்து மதாமுக்கு ஆண்டவர் காட்டியது

ஊழியத்துக்கு அழைப்பு வந்தது சூசானுக்குத்தான். அவள் புருஷன் ஒகுஸ்துக்கு வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சூசானே தன் மனசுக்குள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லிக்கொள்வாள்.

இரண்டு பேரும் புதுச்சேரியில் பிறந்தவர்கள். ஒகுஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால், கல்யாணமான கையோடு புறப்பட்டுப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் பிரான்சில் துலோன் நகரத்தில் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு ஒகுஸ்த் சோபாவில் சாய்ந்து ரக்பி பார்ப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டார். சூசான் தியானம், செபக்குழு என்று கோயிலே கதியாகக் கிடந்தாள். அப்படிப் போன ஒரு தியானக் கூட்டத்தில்தான், வயதான தம்பதிகளை இரண்டு வருஷத்துக்கு ஊழியத்துக்கு அனுப்பும் ஒரு சின்ன மிஷனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது. புதுச்சேரியில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க ஒரு தம்பதி வேண்டுமாம். கேட்டதும் சூசானுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“எனக்கு வேதமும் தெரியாது, பிரசங்கமும் தெரியாது. நான் வந்து இன்னா பண்ணப் போறேன்?” என்றார் ஒகுஸ்த்.

“நீங்க சும்மா கூட இருங்க, போதும். மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்” என்றாள் சூசான்.

அவர் சும்மாதான் இருந்தார். வம்பே அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் மூலக்குளத்தில் ஒரு வாடகை வீடு பிடித்தார்கள். அப்போது அந்தப் பக்கம் நகர் நகராக மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். அவர்கள் வீட்டை ஒட்டியும் ஒரு காலி மனை கிடந்தது. சூசான் விடியற்காலையில் எழுந்து செபமாலை சொல்லி, பூசைக்குப் போய், வழியில் ரொட்டியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு வருவாள். பகலில் பெண்கள் விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பிள்ளைகளை விசாரிப்பாள். வியாழக்கிழமை வேதப் பாடம். சனிக்கிழமை செபக்கூட்டம். பாடத்துக்கு முந்தைய நாள் முழுக்க உட்கார்ந்து தயார் செய்வாள். இளைஞர்களுக்குப் புரிகிற மாதிரி படமெல்லாம் கூட வரைந்து வைப்பாள்.

ஒகுஸ்த் என்ன செய்தார்? துலோனிலிருந்து மறக்காமல் மூட்டை கட்டி எடுத்து வந்த இரும்புக் குண்டுகளைத் தூக்கிக்கொண்டு, சாயங்காலமானால் காலி மனையில் இறங்கிவிடுவார். சின்ன மரக்குண்டு ஒன்றை முன்னால் எறிந்து, அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டை வீசுகிற பெத்தாங் விளையாட்டு. பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய பெரியவர்கள் பீச் பக்கம் ஆடிக்கொண்டிருப்பார்களே, அதேதான். முதல் வாரம் தனியாக ஆடினார். இரண்டாவது வாரம் வேடிக்கை பார்க்க நின்ற கோபிநாத் என்ற பையன் கையில் ஒரு குண்டைக் கொடுத்தார். கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிற பையன். ஒரு மாதத்தில் காலி மனை ஓரத்தில் பைக் நிறுத்த இடமில்லை.

குண்டு எறிவதற்கு நடுவில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பேச்சு வரும். ஒகுஸ்த் யாரையும் எதையும் கேட்கமாட்டார். கேட்காத மனுஷனிடம் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொன்னார்கள். பரீட்சையில் பெயிலானதை, வேலை போனதை, காதலித்ததை, அப்பன் குடித்துவிட்டு அடிப்பதை. அவர் “ம்” என்பார். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, நீ எறி” என்பார். அவ்வளவுதான் அவருடைய ஊழியம்.

அந்தப் பிள்ளைகள் அவரைப் ‘பப்பா’ என்று கூப்பிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. அவர் பப்பா என்றால் இவள் யார்? அம்மா என்று வேண்டாம், ஆண்ட்டி என்றாவது கூப்பிட்டிருக்கலாம். ‘மதாம்’ என்றார்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியையைப் பார்த்தது போலக் கையிலிருந்த குண்டைக் கீழே வைத்துவிட்டு, “வணக்கம் மதாம்” என்றார்கள். வியாழக்கிழமைப் பாடத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள். அதிலும் இரண்டு பேர் ஜன்னல் வழியாக மனையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளியே குண்டும் குண்டும் மோதி டங்கென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் சூசானுக்கு அடிவயிறு எரியும்.

“என் அழைப்பு. என் ஊழியம். நான் கூட்டிட்டு வந்த ஆளு” என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே முனகுவாள். சுத்தமான பொறாமை அது. கட்டின புருஷன் மேலே, அறுபத்திரண்டு வயதில். சாமியாரிடம் போய்ச் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் கூட அவள் அதைச் சொன்னதில்லை. ‘பொறுமையில்லாமல் இருந்தேன் சாமி’ என்று வேறு பெயர் சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

ஆனாலும் ஏலோதி விஷயத்தில்தான் அது எல்லை மீறியது.

ஏலோதி முத்தியால்பேட்டைப் பெண். நர்ஸிங் முடித்தவள். முதலில் அவளைக் கண்டுபிடித்ததே சூசான். விடுதி விடுதியாக அலைந்தபோது, தோழியைப் பார்க்க வந்திருந்த அந்தப் பெண்ணிடம் பேசி, சாப்பிட வைத்து, செபக்கூட்டத்துக்கு அழைத்து வந்தாள். சூசானுக்கு அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்துப்போயிற்று. தனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைப்பாள். அந்த ஏலோதியும் நாலு சனிக்கிழமை ஒழுங்காக வந்துவிட்டு, ஐந்தாவது வாரம் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு காலி மனையில் குண்டு எறிந்துகொண்டிருந்தாள்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சூசான் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒகுஸ்தும் ஏலோதியும் மட்டும் நின்றிருந்தார்கள். கொடியில் தொங்கிய படுக்கை விரிப்பு சூசானை மறைத்தது. கூப்பிடத்தான் நினைத்தாள். அதற்குள் ஏலோதி அழுவது கேட்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அம்மா அந்தப் பாரிஸ் மாப்பிள்ளைய முடிவே பண்ணிட்டாங்க பப்பா. போட்டோல பாத்ததோட சரி. அவுருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்காம், அது ஒண்ணு போதுமாம். எனக்குப் பெங்களூர்ல வேல கெடச்சிருக்கு. வர்றேன்னு சொல்லிட்டேன். ஒண்ணாந் தேதி சேரணும். வீட்டுல யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்.”

“ம்” என்றார் ஒகுஸ்த். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லாம போவாத. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி நானும் உங்க வீட்டுக்கு வர்றேன். ரெண்டு பேருமா ஒக்காந்து உங்க அம்மாகிட்ட பேசலாம்” என்றார்.

‘உங்ககிட்ட மட்டுந்தான்.’ அந்த ஒரு வார்த்தை சூசானைப் போட்டுக் குடைந்தது. அந்தப் பெண் பாரிஸ் போனால் என்ன, பெங்களூர் போனால் என்ன, அதெல்லாம் அவளுக்குப் படவே இல்லை. நான் கூட்டி வந்த பெண், நான் சோறு போட்ட பெண், அழ வேண்டுமென்றால் அவரைத் தேடிப் போகிறாளே என்பதுதான் பட்டது. ராத்திரி சாப்பாட்டின்போது, “ஏலோதி ஏதோ வாட்டமா இருந்தாளே, இன்னாவாம்?” என்று தெரியாதவள் போல் வாயைக் கிளறினாள். “ஒண்ணுமில்ல” என்று சொல்லி ஒகுஸ்த் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அந்த ‘ஒண்ணுமில்ல’யில் அவளுக்கு மீதியிருந்த நிதானமும் போயிற்று.

மறுநாள் செபக்கூட்டத்தில் ஏலோதி, ஒகுஸ்த் உட்பட இருபது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்து எல்லோரும் கண்ணை மூடி, ஆளாளுக்கு வாய்விட்டு மன்றாடுகிற நேரம். நோயாளிகளுக்காக, தேர்வு எழுதுகிறவர்களுக்காக என்று வரிசையாக வந்தது. சூசான் முறை வந்தது. தனக்கும் தெரியும் என்று காட்டிவிட வேண்டும், அந்த நேரத்தில் அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த வெறிதான். ஆனால் செபத்தில் அதையெல்லாம் அப்படியே சொல்ல முடியுமா? செபத்துக்கென்று ஒரு பாஷை இருக்கிறதே. அந்தப் பாஷையில் சொன்னாள்.

“ஆண்டவரே, இங்க இருக்கற ஒரு மகளை எனக்குக் காட்டுறீங்க. பெத்தவளுக்குத் தெரியாம, வெளியூர் வேலைக்குப் புறப்பட நிக்கிற மகள். வந்த நல்ல சம்பந்தத்தை வேணாம்னு நெனைக்கிற மகள். எங்க ஏலோதியை வழிநடத்துங்க ஆண்டவரே.”

பெயரைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. பிறகு யாரோ “அல்லேலூயா” என்றார்கள். சூசான் கண்ணைத் திறந்தபோது ஏலோதி இருந்த இடம் காலியாக இருந்தது. ஒகுஸ்த் தலையைக் குனிந்தபடி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் ஏலோதியின் சித்தி மகன் அலெக்சியும் இருந்தான். செய்தி இவர்கள் விளக்கை அணைப்பதற்குள் முத்தியால்பேட்டைக்குப் போய்விட்டது. போன விதம்தான் விசேஷம். ‘ஏலோதி இப்படிச் செய்யப் பார்த்தாள்’ என்று போகவில்லை. ‘மூலக்குளத்து மதாமுக்கு ஆண்டவர் காட்டிக் கொடுத்துவிட்டார்’ என்று போனது. ஏலோதியின் அம்மா நெஞ்சில் கை வைத்து அழுதாளாம். சாமியே வேண்டாம் என்று சொன்ன பிறகு வேறு என்ன பேச்சு? மகளின் சர்டிபிகேட்டையும் செல்போனையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒகுஸ்த் சொன்னபடி போய் நின்று பெங்களூர் வேலைப் பேச்சை எடுத்தபோது, “எம் பொண்ணுக்கு வீட்ட விட்டுப் போவ யோசன சொல்றவருக்கு இங்க இன்னா வேல?” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சூசான் கனவிலும் நினைக்காதது. காலி மனையில் பைக்குகள் குறைந்தன. நம்பிச் சொன்னதைப் பெண்டாட்டியிடம் ஒப்பித்துவிடுகிற பப்பாவிடம் எவன் வாயைத் திறப்பான்? ஏலோதி அவரிடம் மட்டும்தான் சொன்னாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துபோயிருந்தது. கோபிநாத் கூட ஒரு நாள் வந்து குண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “ஷிப்ட் இருக்கு பப்பா” என்று கிளம்பிவிட்டான். ஒகுஸ்த் தனியாக எறிந்து, தனியாகப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

இங்கே சூசான் வீட்டிலோ கூட்டம் தாங்கவில்லை. ஏலோதியின் அம்மாவைப் போல விஷயம் தெரியாத பெரியவர்களெல்லாம் பிள்ளைகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். “எம் பையனுக்கு கவர்மெண்ட் வேல கெடைக்குமா, ஆண்டவருகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க மதாம்.” “மதாம், தலமேல கைய வெச்சி வேண்டுங்க.” நெல்லித்தோப்பிலிருந்தெல்லாம் ஆட்டோ பிடித்து வந்தார்கள். வியாழக்கிழமைப் பாடத்துக்குப் பாய் போதவில்லை. சூசானுக்குத் தலைகால் புரியவில்லை. ‘எனக்கு ஒன்றும் காட்டவில்லை’ என்று சொல்ல வேண்டியதுதான் என்று தினமும் நினைத்தாள். தினமும் யாராவது ஒருத்தர் காலைத் தொட வந்தார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் ஏலோதி வந்தாள். வீட்டை விட்டு வெளியே போக அவளுக்கு அனுமதி இருந்தது இரண்டே இடத்துக்கு. ஒன்று பூசை, இன்னொன்று சூசான் வீடு. நேரே சமையலறைக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, சூசான் மடியில் தலை வைத்து அழுதாள்.

“உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. நீங்க எனக்காக வேண்டிக்கிட்டீங்க, அவ்ளோதான். சொன்னது அவுருதான. உங்ககிட்ட மட்டுந்தான்னு அவுருகிட்ட சொன்னேன். இனிமே எதுனாலும் உங்ககிட்டதாம்மா சொல்லுவேன்.”

அம்மா! ஒன்றரை வருஷமாக எந்த வார்த்தைக்காக வயிறெரிந்துகொண்டிருந்தாளோ, அது மடியில் வந்து விழுந்தது. சூசான் அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள், எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். இரண்டு தோசை வார்த்துக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அவள் போன பிறகு சூசானுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கொல்லையில் ஒகுஸ்த் வாளித் தண்ணீரில் குண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நேரே போய் அவர் மேலேயே பாய்ந்தாள்.

“நீங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லலன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லக்கூடாதா? இத்தன நாளா வாயில இன்னா வெச்சிருக்கீங்க? நான் கொடிக்குப் பின்னாடி நின்னு ஒட்டுக் கேட்டது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றார் ஒகுஸ்த். “கொடியில தொங்குன விரிப்புக்குக் கீழ உன் காலு தெரிஞ்சிது. துணி எடுத்துட்டுப் போயிடுவன்னு நெனச்சேன்.”

“அப்ப ஏன் சொல்லல? என்னைக் காப்பாத்துறீங்களா? பெரிய புனிதரா நீங்க?”

அவர் குண்டைத் துணியில் துடைத்துக் கீழே வைத்தார்.

“உன்னை இல்ல, சூசான். என்மேல அவளுக்கு நம்பிக்க போயிட்டுது. ஒட்டுக் கேட்டது நீதான்னு சொன்னா, உம்மேலயும் போயிடும். அப்புறம் யாருகிட்ட போயி அழுவா? ஒருத்தராவது வேணாமா அந்தப் புள்ளைக்கு?”

சூசானுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அவர் தன்னைக் காப்பாற்றியிருந்தால் கூடப் பரவாயில்லை, அழுது மன்னிப்புக் கேட்டிருப்பாள். அவர் கணக்கில் இவளும் இல்லை, அவரும் இல்லை. அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். வேதம் தெரியாத, அழைப்பு வராத, ரக்பி பார்த்துக்கொண்டிருந்த மனுஷன்! எவ்வளவு செபமாலை உருட்டியும் தனக்கு வராத ஒன்று இந்த ஆளுக்கு மட்டும் சும்மா உட்கார்ந்த இடத்தில் எப்படி வந்தது? அந்த நேரத்திலும் அவளுக்கு வந்தது பொறாமைதான். இதற்கு முன்னால் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரிப் பொறாமை.

“வண்டிய எடுங்க” என்றாள். “முத்தியால்பேட்டைக்குப் போவணும்.”

“நான் வந்தா கதவச் சாத்திடுவாங்க.”

“தெரியும். நீங்க வெளியவே நில்லுங்க.”

ஸ்கூட்டரைத் தெரு முனையில் நிறுத்தச் சொல்லிவிட்டு சூசான் மட்டும் போனாள். ஏலோதியின் அம்மா ஓடி வந்து வரவேற்றாள். கூடத்தில் நிச்சயத்துக்கு வாங்கிய சாமான்கள் பிரிக்காமல் கிடந்தன. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

“உங்க புண்ணியத்துல எம் பொண்ணு தப்பிச்சா மதாம். ஆண்டவரு உங்க மூலமா காட்டலன்னா நான் இந்நேரம் தலையில துண்டப் போட்டுக்குனு ஒக்காந்திருப்பேன்.”

உள் அறைக் கதவருகில் ஏலோதி வந்து நின்றாள். சூசான் காப்பியைத் தொடவில்லை.

“எனக்கு ஆண்டவர் ஒண்ணும் காட்டல” என்றாள். “உங்க பொண்ணு எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தா. நான் துணி எடுக்கப் போனவ, மறைஞ்சி நின்னு ஒட்டுக் கேட்டேன். அவர் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் கேட்டும் சொல்லல. எல்லா புள்ளைங்களும் அவரையே சுத்துதேன்னு எனக்குப் பொறாம. எனக்கும் தெரியும்னு காட்டறதுக்காக அன்னிக்கு அதை செபம் மாதிரி சொன்னேன். அந்த வேலைக்குப் போவாதன்னு சாமி சொல்லல. சாமி ஒண்ணுமே சொல்லல.”

ஏலோதியின் அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று.

“சாமி வேணாம்னு சொல்லிட்டாருன்னுதான் நான் புடிவாதமா நின்னேன்” என்றாள். “பெத்த பொண்ண கை நீட்டி அடிச்சேன் மதாம். உங்க வாய நம்பி அடிச்சேன்.”

திட்டுவாள் என்று சூசான் பார்த்தாள், அவள் திட்டவில்லை. இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏலோதி கூடத்துக்கு வந்தாள். தன்னிடம் வருவாள், அடிப்பாள், அழுவாள், ஏதாவது ஒன்று நடக்கும் என்று சூசான் எழுந்து நின்றாள். ஏலோதி அவள் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை.

“பப்பா வந்திருக்காரா?” என்று கேட்டாள்.

“தெரு முனையில நிக்கிறாரு.”

ஏலோதி செருப்புக் கூடப் போடாமல் அவளைத் தாண்டி ஓடினாள். சூசான் வாசல் வரைக்கும் வந்து பார்த்தாள். ஒகுஸ்த் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நின்றிருந்தார். அந்தப் பெண் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள். அவர் “ம்” என்றிருப்பார், வேறென்ன சொல்லத் தெரியும் அவருக்கு. பார்த்துக்கொண்டிருந்த சூசானுக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரைக்கும் வாசலிலேயே நின்றாள்.